சம்பந்தி வீட்டு வண்டி உட்கார்ந்த கதை

அந்த மெக்கானிக்கை ஸ்கேல் என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். பெற்றவர்கள் ஆசையாக வைத்த பெயர் கரண்டு பில்லில் மட்டும்தான் உயிரோடு இருந்தது. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் கோடு போட வைத்திருக்கும் ஸ்கேல் எப்படியோ அப்படித்தான் அவருடைய உடம்பும், அப்படித்தான் குணமும். பட்டறைச் சுவரில் ஸ்பேனர்கள் உயரவாரியாகத் தொங்கும். செருப்பைக் கழற்றினால் இரண்டும் ஒட்டிக்கொண்டு வாசலைப் பார்த்து நிற்கும். அடுத்தவர் செருப்பு கோணலாகக் கிடந்தாலும் கட்டைவிரலால் தள்ளி நேராக்கிவிட்டுத்தான் உள்ளே போவார். மகளுக்குச் சம்பந்தம் பேசப் போன வீட்டில், முக்கியமான பேச்சு நடக்கும்போது எழுந்து போய், சுவரில் சாய்ந்து தொங்கிய ஒரு படத்தை நிமிர்த்திவிட்டு வந்து உட்கார்ந்தவர் அவர். அவர் மனைவிக்கு அன்றைக்கு முகத்தை எங்கே கொண்டுபோய் வைப்பதென்று தெரியவில்லை. அதையும் மீறித்தான் அந்தச் சம்பந்தம் முடிந்தது, மகள் யோகக்காரி.

வண்டி என்று வந்துவிட்டால் இந்தக் கோளாறு இன்னும் ஒரு பங்கு கூடுதல். அதற்கு ஒரு காரணமும் உண்டு. இளவயதில் ஒரு பெரிய பட்டறையில் வேலை பார்த்தபோது, ஒரு வேனின் முன்சக்கரங்களை ஒரு பக்கமாக ஒடித்துத் திருப்பியபடியே நிறுத்திவிட்டுச் சாப்பிடப் போய்விட்டார். வேறொருவர் அதைக் கவனிக்காமல் கிளப்ப, வேன் தெருவுக்குப் போகாமல் முதலாளியின் மேசையைப் பார்க்கப் போய்விட்டது. முதலாளிக்கு அடி படவில்லை. கையிலிருந்த டீ மொத்தமும் சட்டைக்குப் போனதுதான் மிச்சம். அன்றைக்கு வாங்கிய திட்டு இவருக்கு எலும்பில் போய் உட்கார்ந்துகொண்டது. அதற்குப் பிறகு எந்த வண்டியில் ஏறினாலும் சரி, இறங்கினாலும் சரி, ஸ்டீரிங்கைப் பிடித்துச் சக்கரத்தை நேராக்காமல் அவர் கை சும்மா இருந்ததில்லை. நாம் கண் சிமிட்டுவதை நாம் எண்ணுகிறோமா? அதுபோல, தான் இப்படிச் செய்கிறோம் என்பதே அவருக்குத் தெரியாது.

மகளின் மாமனார் மருந்துக்கடை வைத்திருப்பவர். நல்ல கனத்த ஆள், மெத்தென்ற பேச்சு. யாரையும் கடிந்து ஒரு வார்த்தை சொல்லத் தெரியாதவர். கடை வருமானம் ஒரு நிலைக்கு வந்ததும் அவருக்கு ஒரு பெரிய காரில் போக ஆசை வந்தது. புதியது வாங்கும் அளவுக்கு இல்லை; ஒருவர் ஓட்டிய வண்டி ஒன்று விலைக்கு வந்தது. அதில் காற்று சஸ்பென்ஷன். மற்ற வண்டிகள் இரும்புச் சுருளின்மேல் உட்கார்ந்திருக்கும். இது சக்கரத்துக்கு ஒன்றாகக் காற்று அடைத்த ரப்பர் பலூன்களின்மேல் உட்கார்ந்திருக்கும். வண்டியைக் கிளப்பினால் அடியில் ஒரு சின்னப் பம்பு உறுமிக் காற்றடைக்கும், வண்டி பெருமூச்சு விட்டபடி மேலே எழும்பும். பள்ளத்தில் விழுந்தாலும் உள்ளே இருப்பவருக்குத் தொட்டில் ஆட்டியது போலத்தான் இருக்கும். சம்பந்திக்கு அந்தத் தொட்டில்மேல் ஒரு கண்.

ஸ்கேல் அந்த வண்டியை ஒரு பகல் முழுவதும் பார்த்தார். மேலே பார்த்தார், கீழே படுத்துப் பார்த்தார், ஓட்டிப் பார்த்தார். பிறகு கையைத் துடைத்துக்கொண்டு, சம்பந்தியம்மாளும் கேட்கும்படியாகச் சொன்னார்: "கண்ணை மூடிட்டு வாங்குங்க சம்பந்தி. இதுக்கு நான் பொறுப்பு."

அவர் மனைவி திரும்பி வரும் வழியில், பொறுப்பு என்ற வார்த்தையைக் கொஞ்சம் குறைத்துச் சொல்லியிருக்கலாமே என்றாள். வண்டியைப் பற்றி உனக்கு என்ன தெரியும் என்று இவர் கேட்டார். வண்டியைப் பற்றித் தெரியாது, சம்பந்தி வீட்டைப் பற்றித் தெரியும் என்றாள் அவள். 

வண்டி வந்து கொஞ்ச நாளிலேயே மகள் போன் செய்தாள். காலையில் வாசலுக்குப் போனால் வண்டி ஒரு பக்கமாக உட்கார்ந்திருக்கிறதாம். ஸ்டீரிங் இருக்கும் பக்கம், முன்னால். யானை ஒரு காலை மட்டும் மடக்கி உட்கார்ந்தால் எப்படி இருக்கும், அப்படி. கிளப்பினால் எழுந்துகொள்கிறது. மறுநாள் காலையில் பார்த்தால் திரும்பவும் உட்கார்ந்திருக்கிறது.

ஸ்கேல் சிரித்தார். எங்கோ காற்று மெல்லக் கசிகிறது, ஊசிமுனை ஓட்டையாக இருக்கும், பட்டறைக்கு அனுப்பச் சொல் என்றார். வண்டி வந்தது. ஓரமாக நிறுத்தி, சோப்புத் தண்ணீரைக் கலக்கிப் பீய்ச்சினார். காற்றுக் கசிகிற இடத்தில் குமிழி கிளம்பும் அல்லவா, அதைப் பார்க்கத்தான். பம்பின் வாயில் பீய்ச்சினார், வால்வில் பீய்ச்சினார், குழாய் சேரும் இடங்களிலெல்லாம் பீய்ச்சினார், பலூனைச் சுற்றிலும் பீய்ச்சினார். வண்டி குளித்து முடித்த குழந்தை மாதிரி நுரையோடு நின்றதே தவிர ஒரு குமிழி கிளம்பவில்லை. சரி, விட்டுத்தான் பார்ப்போம் என்று அன்றிரவு பட்டறையிலேயே வைத்தார். காலையில் ஓடிப்போய்ப் பார்த்தால் வண்டி கோயில் தேர் மாதிரி நிமிர்ந்து நின்றது.

ஒன்றும் இல்லை என்று திருப்பி அனுப்பினார். அடுத்த நாள் காலை போன். உட்கார்ந்துவிட்டது.

திரும்ப வரவழைத்தார். திரும்ப நிமிர்ந்து நின்றது. அனுப்பினார், உட்கார்ந்தது. இவரே காலையில் அந்த வீட்டுக்குப் போய்ப் பார்த்தார். உண்மையாகவே தரையைத் தொட்டுக்கொண்டு கிடந்தது. காற்று மொத்தமும் போன பலூனில் சோப்புத் தண்ணீர் ஊற்றி என்ன பயன்? குமிழி விட உள்ளே மூச்சு வேண்டுமே. அதனால் ஏறி உட்கார்ந்து கிளப்பி, வண்டியை எழுப்பி, பிறகு குனிந்து பீய்ச்சிப் பார்த்தார். மருந்துக்குக்கூட ஒரு குமிழி இல்லை. வயிற்றுவலிக்காரன் டாக்டரைக் கண்டதும் வலி நின்றுவிட்டது என்பானே, அந்தக் கதைதான்.

"அந்த வண்டிக்கு உங்க பட்டறை பிடிச்சுப்போச்சு. அவங்க வீடு பிடிக்கல. எல்லாம் உங்க வளர்ப்புதான்," என்றாள் மனைவி.

இவருக்குச் சிரிப்பு வரவில்லை. ஆளாளுக்கு ஒரு யோசனை சொல்ல ஆரம்பித்தார்கள். பக்கத்துப் பெயிண்டுக் கடைக்காரர், தெருநாய்கள் ஏறிப் படுக்கின்றனவோ என்றார். நாய்க்காகச் சாயும் வண்டியை எந்த மடையன் செய்வான் என்று இவர் எரிந்து விழுந்தார். இருந்தாலும் மனதுக்குள் ஒரு சந்தேகம் விழுந்துவிட்டது. பட்டறையில் சரியாக இருப்பது அங்கே மட்டும் இறங்குகிறது என்றால் அங்கே யாரோ என்னவோ செய்கிறார்கள். மருந்துப் பெட்டிகளை முன்னால் ஏற்றி வைத்துவிட்டுத் தூங்கப் போகிறார்களோ? சம்பந்திக்குப் போன் போட்டார். நலம் விசாரித்துவிட்டு மெல்லக் கேட்டார்.

"தப்பா நினைக்காதீங்க சம்பந்தி. நீங்க உட்கார்ற பக்கம் பாரம் ஏதாவது அதிகமாகுதா?"

அந்தப் பக்கம் சத்தமே இல்லை. லைன் அறுந்துவிட்டதோ என்று இவர் போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்துக்கொண்டார். கடைசியில் ஒரு குரல் வந்தது, கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல.

"பார்க்கறேன் சம்பந்தி. குறைச்சுக்கறேன்."

அவ்வளவுதான், போனை வைத்துவிட்டார். இது கோபம்தான் என்று ஸ்கேல் முடிவு கட்டினார். திட்டியிருந்தால்கூடப் பதில் சொல்லலாம். இப்படிப் பேசுகிறவரிடம் என்ன பேசுவது? அடுத்த வாரம் மகள் சொன்ன செய்தி அதைவிட மோசம். மாமா சரியாகச் சாப்பிடுவதில்லையாம். காலையில் எழுந்ததும் வாசலில் நின்று அந்தச் சாய்ந்த வண்டியையே பார்க்கிறாராம், பிறகு தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நடக்கப் போகிறாராம். அத்தை வாய் திறந்து ஒன்றும் சொல்வதில்லை. ஆனால் தினமும் மகள் வேலைக்குக் கிளம்பும்போது, "உங்கப்பா பார்த்துக் கொடுத்த வண்டி உட்கார்ந்திருக்கு பாரு, இடிச்சுக்காம போம்மா," என்று மட்டும் சொல்கிறாளாம்.

இந்த ஒரு வாக்கியம் ஸ்கேலைத் தூங்கவிடாமல் செய்தது. மகள் அதோடு நிறுத்தவில்லை. மாமாவின் தம்பி, பெரிய கம்பெனி பட்டறையில் சொல்லி வைத்துவிட்டாராம். கம்ப்யூட்டரை மாட்டிப் பார்ப்பார்களாம். திங்கட்கிழமை வண்டி அங்கே போகிறது.

வண்டி எங்கே வேண்டுமானாலும் போகட்டும். ஆனால் அங்கே ஒருவன் ஒரு நிமிடத்தில் ஓட்டையைக் காட்டிவிட்டால், பொறுப்பு என்று சொன்ன வாய் அதற்குப் பிறகு அந்த வீட்டு வாசலில் எப்படி வாங்க என்ற சொல்லுக்குப் பதில் சொல்லும்? மகள் அந்த வீட்டில் எத்தனை வருஷம் இருக்க வேண்டியவள். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஸ்கேல் சொல்லாமல் கொள்ளாமல் கிளம்பினார். மனைவியும் புடவையை மாற்றிக்கொண்டு வந்து ஏறினாள். நீ எதற்கு என்று கேட்டார். நீங்கள் வண்டியைப் பாருங்கள், நான் மனிதர்களைப் பார்த்துக்கொள்கிறேன் என்றாள். ஆரஞ்சு வாங்கிய பைக்குள் பழத்துக்கு அடியில் சோப்புத் தண்ணீர் பாட்டிலை மறைத்து வைத்துக்கொண்டார்.

அவர்கள் போனபோது வண்டி அப்போதுதான் வந்து நின்றிருந்தது. சம்பந்தி எங்கோ போய்விட்டு வந்து நிறுத்தினாராம். நிறுத்திய கையோடு அவரை நடக்க அனுப்பிவிட்டாள் சம்பந்தியம்மாள். அவள் சமையலறையில் கையில் மாவோடு நின்றாள், உட்காருங்கள், இதோ வருகிறேன் என்றாள். மகளும் உள்ளே போய்விட்டாள். ஸ்கேல் உட்காரவில்லை. பழப்பையோடு வாசலுக்கு வந்துவிட்டார்.

அந்தத் தெரு ஒரு சரிவு. வண்டி வீட்டுச் சுவரை ஒட்டி நின்றது. இன்னும் முழுதாக உட்காரவில்லை, ஒரு விரற்கடை இறங்கியிருந்தது. ஆனால் ஸ்கேலின் கண் அதில் போகவில்லை. முன்சக்கரங்கள் இரண்டும் சுவரைப் பார்த்து முழுதாக ஒடித்துத் திரும்பி நின்றன. அதைப் பார்த்ததும் அவருக்கு உடம்பில் எறும்பு ஊர்ந்தது போல இருந்தது. கதவைத் திறக்கப் பார்த்தார், பூட்டியிருந்தது. சாவி சம்பந்தியின் சட்டைப்பையில் நடந்துகொண்டிருந்தது. விட்டாரா? டயரின்மேல் காலை வைத்துத் தள்ளினார். ஆடாமல் நின்றது. இரண்டு கையாலும் பிடித்து இழுத்தார்.

"என்ன பண்றீங்க?" என்றாள் பின்னால் வந்து நின்ற மனைவி.

"சக்கரம் கோணலா நிக்குது. நேராக்கிட்டுப் பார்க்கலாம்னு."

"வண்டியோட நோயைப் பார்க்க வந்தீங்களா, தலை வாரி விட வந்தீங்களா? அப்படியே பாருங்க. அவர் வர்றதுக்குள்ள."

வேறு வழி இல்லை. முணுமுணுத்துக்கொண்டே தரையில் மண்டியிட்டு, சக்கரத்துக்குப் பின்னால் கையை விட்டுப் பீய்ச்சினார். முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டுதான் பீய்ச்சினார். அந்தக் கோணலைப் பார்க்கச் சகிக்கவில்லை. அப்போது மனைவி அவர் தோளைத் தொட்டாள்.

பலூனின் ஒரு மடிப்பில் குமிழி கிளம்பிக்கொண்டிருந்தது. ஒன்று பெருத்தது, உடைந்தது. அதே இடத்தில் இன்னொன்று. பாலாடை மாதிரி நுரை திரண்டு மெல்ல வழிந்தது.

ஸ்கேல் அப்படியே உட்கார்ந்துவிட்டார். சக்கரம் திரும்பும்போது பலூனும் கூடவே கொஞ்சம் முறுக்கிக்கொள்கிறது. முறுக்கினால் அந்த மடிப்பில் இருக்கும் விரிசல் வாயைத் திறக்கிறது. சக்கரம் நேராக இருந்தால் மடிப்பு மூடிக்கொண்டு, எனக்கு ஒன்றும் தெரியாது என்று இருக்கிறது. பட்டறையில் யார் சக்கரத்தை நேராக்கியது? இங்கே வந்து கிளப்பிப் பார்த்த காலையில் யார் நேராக்கியது? வாங்குவதற்கு முன்னால் ஒரு பகல் முழுவதும் பார்த்தபோது யார்? ஒவ்வொரு தடவையும் தேடப் போனவரே திருடனுக்குக் கதவைச் சாத்திக் கொடுத்திருக்கிறார்.

 பிறகு அவர் முகம் மெல்ல வெளுப்பு மாறிப் பிரகாசமானது. மனைவிக்கு அந்தப் பிரகாசம் பிடிக்கவில்லை. அவர் சொன்ன யோசனை இதுதான்: சம்பந்தியிடம் போய், இனிமேல் சக்கரத்தை நேராக வைத்து நிறுத்துங்கள், நீங்கள் நிறுத்துகிற விதம்தான் தப்பு என்று சொன்னால் போதும். வண்டி உட்காராது. சொன்ன சொல்லும் உட்காராது. பிறகு ஒருநாள் சர்வீஸ் என்று சொல்லி வரவழைத்துச் சத்தமில்லாமல் பலூனை மாற்றிவிடலாம். பொய் என்றுகூடச் சொல்ல முடியாது.

மனைவி அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"அந்த மனுஷன் சாப்பிடாம கிடக்கறார். அவர் மேலயே பழியைப் போடப் போறீங்களா? நம்ம பொண்ணு வாழற வீடுங்க இது. போய் உள்ளதைச் சொல்லுங்க. நீங்க சொல்லலேன்னா நான் சொல்லுவேன், நான் சொன்னா நல்லா இருக்காது."

அவள் சொன்னால் நன்றாக இருக்காது என்பது ஸ்கேலுக்கு நன்றாகத் தெரியும். அந்த நேரம் பார்த்துச் சம்பந்தி தெருமுனையில் திரும்பினார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது, மூச்சு வாங்கியது. சம்பந்திகளைப் பார்த்ததும் வழக்கம்போல வாங்க வாங்க என்றார்; ஆனால் கண் வண்டியின்மேலும் போனது, தரையிலும் போனது. சட்டைப்பையில் இருந்த சாவியை, கேட்காமலேயே எடுத்து நீட்டினார்.

ஸ்கேல் அதை வாங்கவில்லை. எழுந்து நின்று கைகளைக் கட்டிக்கொண்டார், பட்டறையில் முதலாளி முன்னால் நின்ற மாதிரி.

"சம்பந்தி, தப்பு என்னோடது. பலூன் மடிப்புல விரிசல் இருக்கு. நீங்க வாங்கும்போதே இருந்திருக்கும். சக்கரத்தைத் திருப்பி வச்சாத்தான் தெரியும். நான் திருப்பியே பார்க்கல. எப்பப் பார்த்தாலும் நேராக்கிட்டுத்தான் பார்த்திருக்கேன். வண்டி உருண்டு போகாம இருக்க, நீங்க இந்தச் சரிவுல திருப்பி நிறுத்தறதுதான் சரி. நான்தான் பார்க்காம பொறுப்புன்னு சொல்லிட்டேன்."

சொல்லி முடித்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். சம்பந்தி வாசல் படியில் மெல்ல உட்கார்ந்தார். நெற்றியைத் துடைத்தார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, யாருக்கும் கேட்டுவிடக் கூடாது என்பது போலக் கேட்டார்.

"அப்போ... நான் இல்லையா?"

ஸ்கேலுக்குப் புரியவில்லை. அவர் மனைவிக்குப் புரிந்துவிட்டது. புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

பிறகு சம்பந்தியே எல்லாவற்றையும் கொட்டினார். தினமும் காலையில் வண்டி அவர் உட்காரும் பக்கமாகவே இறங்கிக் கிடக்கிறது. வேறு யார் பக்கமும் இறங்குவதில்லை. வீட்டில் எல்லோரும் பார்த்தார்கள், ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாமல் இருந்ததுதான் தாங்க முடியவில்லை. அதற்குமேல், நீங்கள் உட்காருகிற பக்கம் பாரம் அதிகமாகிறதா என்று சம்பந்தியே போன் செய்து கேட்டுவிட்டார். மெக்கானிக்கே சொன்ன பிறகு என்ன அப்பீல்? அன்று சாயங்காலமே கடையில் இருந்த எடை பார்க்கும் மெஷினைத் துணி போட்டு மூடி, மருந்துப் பெட்டிகளுக்குப் பின்னால் தள்ளிவிட்டார். வீட்டில் விஷயம் தெரிந்ததும் சம்பந்தியம்மாள் வேகவைத்த காய்கறிக்கும் நடைக்கும் உத்தரவு போட்டுவிட்டாள். இவ்வளவு நாளும் அவர் வெட்கத்தில் வாய் திறக்காமல் இருந்தார். ஸ்கேல் அதைக் கோபம் என்று நினைத்துக்கொண்டு பட்டறையில் உருகிக்கொண்டிருந்தார்.

"உள்ள வாங்க," என்றார் சம்பந்தி. எழுந்து ஸ்கேலின் கையைப் பிடித்து இழுத்தார். "அவகிட்ட இதை அப்படியே சொல்லுங்க. விரிசல்னு சொல்லுங்க. மடிப்புனு சொல்லுங்க. ஒரு வார்த்தை விடாதீங்க."

சம்பந்தியம்மாள் கையைக் கழுவிக்கொண்டு வந்து நின்று, முழுவதையும் பொறுமையாகக் கேட்டாள். ஸ்கேல் இரண்டாம் தடவையாகத் தன் தப்பைச் சொன்னார். சம்பந்தி பின்னால் நின்று ஒவ்வொரு வாக்கியத்துக்கும் தலையாட்டினார். கடைசியில் அவள் கேட்டாள்: அப்படியானால் பாரத்துக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லையா?

"சுத்தமா இல்லைங்க சம்பந்தியம்மா," என்றார் ஸ்கேல் உற்சாகமாக. "இவரை மாதிரி மூணு பேர் முன்னாடியே உட்கார்ந்தாலும் தாங்கற வண்டி அது."

மனைவி அவர் விலாவில் இடித்தாள். ஆனால் சொல் போய்விட்டது. சம்பந்தியம்மாள் தன் கணவரைத் தலை முதல் கால்வரை பார்த்தாள், மூன்று பேரைக் கணக்குப் போடுவது போல. உள்ளே மகள் பாத்திரத்தைக் கீழே வைக்கிற சாக்கில் சிரித்துக்கொண்டிருந்தாள். கடைசியில் சம்பந்தியம்மாளுக்கும் அடக்க முடியவில்லை. சிரிப்பு வந்து, கண்ணில் தண்ணீரும் வந்தது.

"வண்டியை விடுங்க சம்பந்தி, மாத்தினா சரியாயிடும்," என்றாள் ஸ்கேலிடம். "மனசுல எதையும் வச்சுக்காதீங்க. வாங்கும்போது நானும்தான் கூட நின்னு பார்த்தேன்."

ஸ்கேலுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. கம்பெனி பட்டறை வேண்டாம் என்று சம்பந்தி தம்பிக்குப் போன் போட்டுச் சொன்னார். ஏன் என்று தம்பி கேட்டதற்கு, எங்கள் சம்பந்தி கண்டுபிடித்துவிட்டார் என்றார், கொஞ்சம் சத்தமாகவே. இரண்டு நாளில் புதிய பலூன் வந்தது. மாட்டி, அந்தச் சரிவிலேயே சக்கரத்தை ஒடித்துத் திருப்பி நிறுத்திவிட்டு வந்தார். மறுநாள் காலையில் வண்டி எழுந்தே நின்றது. மகள் போனில் சிரித்துக்கொண்டே சொன்னாள், அத்தை இன்றைக்கு வாசலில் ஒன்றும் சொல்லவில்லை என்று.

நடை மட்டும் நிற்கவில்லை. வண்டியில் குறை இல்லை என்றால் வண்டிக்காக நடக்க வேண்டாம், உடம்புக்காக நடக்கலாமே என்று சொல்லிவிட்டாள் சம்பந்தியம்மாள்; அதில் அப்பீலுக்கு இடம் இல்லை. அதனால் ஞாயிற்றுக்கிழமைகளில் சம்பந்திக்குத் துணையாக ஸ்கேலும் நடக்க வருகிறார். துணைக்கு ஆள் இருந்தால்தான் வெகுதூரம் நடப்பார் என்று வீட்டில் நம்பிக்கை. இரண்டு பேரும் வேகமாகக் கையை வீசிக்கொண்டு கிளம்புகிறார்கள். தெருமுனை திரும்பியதும் ஒரு டீக்கடை இருக்கிறது. அதன் பெஞ்சில் வெயில் ஏறும்வரை உட்கார்ந்திருந்துவிட்டு, திரும்பும்போது முகத்தில் கொஞ்சம் தண்ணீர் தெளித்துக்கொண்டு வருகிறார்கள்.